விதை மொச்சைக் கோலா

மருமகள் ஏதோ வாரப் பத்திரிகையைப் பார்த்து நேற்று கட்லெட் செய்தாள். கறி கிடையாது, முட்டை கிடையாது, பால் நெய் ஒன்றும் கிடையாது, வெறும் பீன்ஸ் கொட்டையை வேகவைத்து மசித்துப் பொரித்தது என்று தட்டை நீட்டினாள். "புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க, தின்னு பாருங்க அத்தே" என்றாள். ஒன்றைக் கடித்தேன். சோம்பும் பூண்டும் எண்ணெயில் வெந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வந்தது பசி இல்லை, கோபம். அவள்மேல் இல்லை. செத்துப் பல வருஷமான என் ஓரகத்தி மாதம்மாமேல்.

மாதம்மா என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. கடத்தூருக்குப் பக்கத்து ஊரில் நான் வாழ்க்கைப்பட்டுப் போனபோது மாமியார் உயிரோடு இல்லை, சமையல்கட்டு முழுக்க அவள் ராஜ்ஜியம். உலகத்தில் ஜெர்மன்காரன் சண்டை நடந்துகொண்டிருந்தது, எங்கள் வீட்டில் எங்கள் சண்டை. அதன் ஆரம்பத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் அந்த வீட்டுக்குப் போன முதல் மாசத்திலேயே அவளுடைய மோர்ச்சட்டியைக் கைதவறி உடைத்தேன். உடைத்துவிட்டுப் பழியைப் பூனைமேல் போட்டேன். அந்த வீட்டில் பூனையே கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே அடுப்பு, ஒரே அம்மி, மூன்று வருஷம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துப் பேசவில்லை. ஆனால் வீட்டுவேலை நடக்க வேண்டுமே. அதற்கு அந்தப் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழி இருந்தது. சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வது. அடைகாக்கும் கோழியிடமும் சொல்லலாம். "களிக்கு மாவு பத்தாது, யாராச்சும் அரச்சு வெச்சா தேவல" என்று அவள் கோழியிடம் சொல்வாள். "எனக்கு என்னா பத்து கையா இருக்குது" என்று நான் உலைப்பானையிடம் சொல்வேன். மாவு எப்படியும் அரைபட்டுவிடும்.

அவளுக்கென்று அந்த வீட்டில் ஒரு சொத்து இருந்தது. வத்தல்மலை அடிவாரத்திலிருந்த பிறந்த வீட்டிலிருந்து சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வந்த மொச்சை. வெள்ளைக் கொட்டையின் முதுகில் கறுப்பாக ஒரு வரி ஓடும். பிதுக்கிக் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். அவளுடைய அம்மா செத்து, அண்ணன் தம்பிகள் தங்கவயலுக்குப் பிழைக்கப் போய், அந்த வீடு கூரை விழுந்து கிடந்தது. ஆகவே அந்த மொச்சை எங்கள் கொல்லை வேலியில் மட்டும்தான் ஏறியது. யார் வந்து விதை கேட்டாலும் கொடுக்க மாட்டாள். "அடுத்தவங்க வேலில ஏறிட்டா அது என்னுது இல்லீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிடுவாள். தை மாசம் காய் முற்றியதும் பொறுக்கிய கொட்டையைச் சாம்பலில் பிசிறி, சுரைக்குடுக்கையில் அடைத்து, வாயைச் சாணியால் மெழுகி அட்டாலிப் பரணில் வைப்பாள். விதைக்குடுக்கையை வைத்தவள்தான் திறக்க வேண்டும். வீட்டு ஆம்பிளைகள்கூடத் தொடமாட்டார்கள்.

மூன்றாம் வருஷம் மாமனார், தன் கால் வீக்கம் வடிந்ததற்காகத் தீர்த்தமலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டு, ஒரு வருஷம் கறி தொடுவதில்லை என்று சொல்லிவிட்டார். சொன்ன மூன்றாம் மாசமே மனுஷர் வாடிப்போனார். கறியைக் கொத்தி உருட்டிப் பொரிக்கும் கோலா என்றால் அவருக்கு உயிர். என்னிடம் வந்து, "ஏம்புள்ள, கறி இல்லாம கோலா ஆவாதா?" என்று குழந்தை மாதிரி கேட்டார். அந்த வீட்டில் யாரும் என்னிடம் ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "மொச்சையில பண்ணித் தரேனுங்க மாமா" என்றேன்.

ஆனி மாசம், சந்தை நாள். மாதம்மா விடியற்காலையிலேயே புருஷனோடு சந்தைக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது சுவரைப் பார்த்து, "அட்டாலில மொச்ச இருக்குது, வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்" என்றாள். அவள் சொன்னது குழம்புக்கென்று மொச்சை போட்டுவைத்திருந்த பானையை. ஏறிப் பார்த்தேன். பானையில் இருந்ததெல்லாம் பூச்சி துளைத்த கொட்டை, கையில் எடுத்தால் மாவாக உதிர்ந்தது. பக்கத்தில் சாணி மெழுகிய குடுக்கை.

தெரியாமல் எடுத்தேன் என்று ஊரில் நாற்பது வருஷம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, தெரிந்துதான் எடுத்தேன். சாம்பல் பிசிறிய கொட்டை விதை என்பது குழந்தைக்கும் தெரியும். ஒரு படிகூட இருக்காது. மெழுகை நகத்தால் பெயர்த்தபோது எனக்கு இருந்தது சந்தோஷம்தான்.

சாம்பலை மூன்று தண்ணீரில் கழுவி வெந்நீரில் ஊறப்போட்டேன். உச்சிப்பொழுதுக்குப் பிறகு தோலைப் பிதுக்கிக் கோழிப்பக்கம் எறிந்துவிட்டு, பருப்பை அரைவேக்காடாக எடுத்து நீரை ஒட்ட வடித்தேன். காய்ந்த மிளகாய், சோம்பு, பூண்டு, ஒரு துண்டுப் பட்டையோடு அம்மியில் கரகரப்பாக அரைத்தேன். சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து போட்டு, பொட்டுக்கடலை மாவு தூவிப் பிசைந்து உருட்டினேன். முதல் உருண்டை எண்ணெயில் பிரிந்து நுரைத்துக்கொண்டு போனது. இன்னும் ஒரு பிடி மாவு சேர்த்ததும் கெட்டிப்பட்டது. கடலெண்ணெய் கிடைக்காத காலம், தீபாவளிக்கு வைத்திருந்ததை முழுக்க ஊற்றிவிட்டேன்.

மாமனார் எட்டு தின்றார். "கறி தோத்துது புள்ள" என்றார். ஒன்பதாவதைக் கையில் எடுத்திருக்கும்போது மாதம்மா சந்தைக்கூடையோடு வந்தாள். கோழிகள் கிளறிக்கொண்டிருந்த இடத்தில் குனிந்து ஒரு தோலை எடுத்தாள். கறுப்பு வரி. கூடையை இறக்கி வைத்துவிட்டு மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"குடுக்கையத் தொறந்தியா?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்னு சொன்னது யாராம்?" என்றேன்.

"அது எங்காத்தா வெதை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

மாமனாருக்கு அப்போதுதான் விளங்கியது. கையிலிருந்த கோலாவைத் தட்டில் வைத்தார். எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தார். "காலமெல்லாம் ஏரு புடிச்சவன வெதையத் தின்ன வெச்சுட்டியே தாயி" என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் என் கையால் எதையும் கேட்டு வாங்கித் தின்னவில்லை. போட்டதைத் தின்றார். அதை நினைத்தால் மாதம்மாவை நினைப்பதைவிட எனக்கு அதிகமாக வலிக்கிறது.

நான் சாம்பல் கழுவிக் கொட்டிய குப்பைமேட்டை அவள் மறுநாள் விரலால் சலித்தாள். இரண்டு கொட்டை கிடைத்தது, ஊறாமல் தப்பியவை. ஆடி மழைக்கு வேலியோரம் ஊன்றினாள். ஒன்று முளைத்தது. சுற்றிலும் முள் வைத்து, காலையும் மாலையும் போய்ப் பார்ப்பாள். நாலு இலை விட்ட சமயம் என் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் கடித்துவிட்டது. ஆட்டை நான் அவிழ்த்துவிடவில்லை. சத்தியமாக இல்லை. யாரும் நம்பவில்லை. பூனைக் கதை சொன்னவளை யார் நம்புவார்கள்?

பிறகு பாகம் பிரிந்து, அடுப்பு தனியானது. அவள் என்னிடம் பேசவில்லை, நானும் போகவில்லை. அவள் செத்தபோது மட்டும் போனேன். பொல்லாதவள், ஒரு பிடி விதை ஊரில் யாருக்காவது கொடுத்திருந்தால் இன்றைக்கு அது கம்பைநல்லூர் வரை வேலிகளில் ஏறியிருக்கும். இப்படிச் சொல்லி என் தப்பில் பாதியை அவள் தலையில் கட்டப் பார்க்கிறேன், தெரிகிறது.

எங்கள் கொல்லை வேலியிருந்த இடத்தில் இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள். சந்தையில் மொச்சை விற்கிறவர்களிடமெல்லாம் முதுகில் வரி ஓடிய மொச்சையைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அப்படி ஒன்று உண்டா என்று என்னையே கேட்கிறார்கள். அந்த வீட்டில் அதைத் தின்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அந்த மொச்சையின் ருசி தெரிந்து உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான்.