கேஸ் போன வழி

அந்த வெள்ளைக் காரை நான் வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. விற்றவர் ஏசியைப் போட்டுக் காட்டினார். சில்லென்று காற்று வந்தது. அந்தக் காற்றுக்காகத்தான் வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு மாதம் போனதும் அதே துவாரங்களிலிருந்து வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்த மாதிரி காற்று வந்தது. பல்லடம் ரோட்டில் ஒரு கடையில் கேஸ் நிரப்பினேன். குளிர்ந்தது, பிறகு போய்விட்டது. வேறு கடையில் நிரப்பினேன். அதுவும் போய்விட்டது. எங்கே போகிறது என்று யாரும் தேடவில்லை. எனக்கும் நேரமில்லை. வீரபாண்டியில் ஒரு சிறிய கட்டிங் யூனிட் வைத்திருந்தேன். வெட்டிய பனியன் துணிகளைப் பின் சீட்டில் கட்டுக்கட்டாக அடைத்துக்கொண்டு தையல் யூனிட்டுகளுக்கு அலையவே பொழுது சரியாக இருந்தது.

அந்தச் சித்திரையில் என் மனைவி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். கட்டுச்சோறு விருந்து முடிந்ததும் வெள்ளகோவிலில் இருக்கும் தாய்வீட்டுக்கு அவளை அனுப்ப வேண்டும். ஏற்பாடுகளைக் கவனிக்க மாமனார் விருந்துக்கு முந்தின நாள் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தனியார் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருக்கும் எனக்கும் பேச்சு என்றால், "வாங்க மாமா", "சௌக்கியமுங்களா மாப்ள", அவ்வளவுதான். பிறகு அவர் பேப்பரை எடுத்துக்கொள்வார், நான் போனை எடுத்துக்கொள்வேன். கோபமோ மனத்தாங்கலோ கிடையாது. என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை.

அன்று காலைப் பலகாரத்தின்போது மனைவிதான் ஆரம்பித்தாள்.

"ஏனுங்கப்பா, அந்தக் காருல வந்தா நான் வெள்ளகோவில் போறதுக்குள்ள வெந்துருவனுங்க. என்னைய பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போயிருங்க."

மாமனார் இட்லியைப் பிட்ட கையோடு என்னைப் பார்த்தார். "பஸ்ஸு இந்த ஒடம்புக்கு ஆகாது கண்ணு. ஏனுங்க மாப்ள, அந்த ஏசியை எங்காச்சும் காட்டிப்போட்டு வந்தர்லாமுங்களா?"

காங்கயம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் கார் ஏசி வேலை நடந்தது. மெக்கானிக் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். பேனட்டைத் திறந்ததுமே கையைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி, இப்ப கேஸ் அடிச்சா இன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். ஓட்டையக் கண்டுபிடிக்காம அடிக்கச் சொல்லாதீய."

கேஸுக்குப் பதிலாக நைட்ரஜனைக் குழாய்களுக்குள் ஏற்றினார். மீட்டரின் முள் மேலே போய் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல இறங்கத் தொடங்கியது. ஒரு மக்கில் சோப்பைக் கரைத்து, பிரஷால் இணைப்புகளில் தடவினார். எங்கே நுரை முட்டை விடுகிறதோ அங்கே கசிவு. மாமனார் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அந்த பிரஷ்ஷை இப்புடிக் குடுங்க தம்பி."

அதன்பிறகு பிரஷ் அவர் கையை விட்டுப் போகவில்லை. கம்ப்ரஸர், கண்டென்ஸர், அதற்குச் சம்பந்தமே இல்லாத ரேடியேட்டர் குழாய் வரை நுரை பூசினார். நான் டார்ச் அடித்தேன். கம்ப்ரஸர் பக்கம் ஒரு ஹோஸின் முனையில் சின்னதாக ஒரு முட்டை கிளம்பியது.

"மாப்ள! இங்க பாருங்க! வுடுது பாருங்க!"

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக்கும் சந்தோஷப்பட்டு, அந்த இணைப்பில் இருந்த ரப்பர் வளையத்தை மாற்றினார். மறுபடி நைட்ரஜன் ஏற்றினோம். மூன்று பேரும் மீட்டருக்கு முன்னால் தலையைச் சேர்த்துக்கொண்டு குனிந்தோம். முள் திரும்பவும் இறங்கியது.

"அப்போ இன்னொண்ணு இருக்கு," என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "வெளிய இல்லன்னா உள்ள கூலிங் காயில்ல இருக்கணும். டேஷ்போர்டக் கழத்தணும் அண்ணாச்சி."

டேஷ்போர்டு வெளியே வந்து பெஞ்சில் படுத்துக்கொண்டது. இருந்த இடத்தில் ஒயர்கள் கொத்தாகத் தொங்கின. அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"ஏனுங்க, கார் இருக்குதுங்களா, இல்ல பூராவும் பிரிச்சுட்டீங்களா?"

"கொஞ்சம் இருக்குது," என்றேன்.

"அப்பா என்ன பண்றாருங்க?"

திரும்பிப் பார்த்தேன். அவர் முன் சீட்டின் அடியில் பாதி நுழைந்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அதைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். "என்னவாமா?" என்று உள்ளிருந்தே குரல் வந்தது.

கூலிங் காயில் இருந்த பெட்டியைத் திறந்த மெக்கானிக், "ஏ யப்பா! உள்ள ஒரு மெத்தையே கெடக்குல்லா!" என்றார்.

காயிலின் முகம் முழுக்க ஈரப் பஞ்சு அப்பியிருந்தது. நகத்தால் நெம்பியதும் ஒரு தகடு போல உரிந்து வந்தது. ஓரத்தில் பார்த்தால் வரிவரியாக நிறம்: கருநீலம், அதன்மேல் ரோஸ், அதற்கும் மேல் ஒரு பச்சை. பின் சீட்டில் ஏற்றிய துணிக் கட்டுகளின் தூசியை ஏசி உறிஞ்சி உறிஞ்சிச் சேர்த்து வைத்திருந்தது. அந்தப் பச்சை எந்த ஆர்டர் என்பதுகூட எனக்குத் தெரிந்தது.

"உங்க ஏசி தனியா ஒரு பனியன் கம்பெனி நடத்தியிருக்குதுங்க மாப்ள," என்றார் மாமனார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

பஞ்சு எப்போதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்ததால் அதன் அடியில் அலுமினியம் அரித்திருந்தது. காயிலைக் கழுவி, வாய்களை அடைத்து, காற்றேற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினோம். ஒரு மூலையிலிருந்து கடுகு கடுகாகக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. மாமனார் அந்த இடத்தில் விரலை வைத்து மூடினார். குமிழி நின்றது. எடுத்தார், வந்தது. திருப்தியாகும் வரை எடுத்தும் வைத்தும் பார்த்தார்.

பக்கத்தில் அலுமினியப் பற்றவைப்பு செய்கிற பட்டறைக்கு இருவருமாகக் காயிலைக் கொண்டுபோனோம். அடைத்து வந்து பூட்டி, மறுபடி நைட்ரஜன் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனோம். புரோட்டாவைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்து போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அசையுலீங்க மாப்ள. ஆணி அடிச்சாப்பல நிக்குது."

குழாய்களில் இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்த பிறகே மெக்கானிக் புதுக் கேஸை ஏற்றி, டேஷ்போர்டைத் திரும்ப மாட்டினார். காற்று வரும் துவாரத்தின் முன் மாமனார் உள்ளங்கையை நீட்டினார். சில்லென்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் விருந்து முடிந்து உறவினர்கள் எல்லாரும் வேனில் ஏறினார்கள். மனைவி கை நிறைய வளையலோடு காரின் பின் சீட்டில் சாய்ந்தாள். காங்கயம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். வெளியே தார் ரோட்டில் கானல் ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் மாமனார், பிரேக் பிடிக்காத பஸ்ஸை ஒருமுறை ஊதியூர் மலைப்பக்கம் எப்படி நிறுத்தினார் என்று சொல்லிக்கொண்டு வந்தார். மகள் விழித்துவிடாமல் குரலைத் தாழ்த்தி, ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையைக் காற்றில் திருப்பித் திருப்பிக் காட்டினார். கதை முடியாததால், வீடு வந்த பிறகும் இன்ஜினை அணைக்காமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.