ஒருவரும் தங்காத மடம்

கல்குடாவில் ஆச்சிப்பிள்ளையின் மடம் இருந்த இடத்தில் இப்போது மணலும் எருக்கலையும்தான். இரண்டாயிரத்து நாலில் கடல் வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. அந்த இருபது பேர்ச் காணியைத் தன் பெயருக்குக் கேட்டு அவர் போன வருடம் மனுக் கொடுத்தார். சுற்றுலா விடுதி கட்டக் கொழும்புக்காரர் ஒருவரும் அதையே கேட்டிருந்தார். நான் காணிப் பிரிவில் எழுதுவினைஞர். எந்தப் பக்கமும் சாயக்கூடாது. ஆனாலும் ஆச்சிப்பிள்ளையின் பக்கம் சாய்ந்துதான் இருந்தேன்.

மடம் என்ற பெயர்தான் பெரிது. கிடுகு வேய்ந்த நீளக் கொட்டில், ஏழு பாய், ஒரு கிணறு. புருஷன் கடலில் போன பிறகு தனியாளாக நடத்தினார். சண்டைக் காலத்தில் வாகரை, கதிரவெளிச் சனங்கள் ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ இந்தப் பக்கம் வந்தால், பின்னேரம் இராணுவம் பாதையை மூடிவிடும். திரும்ப முடியாதவர்கள் அவரிடம் வந்து படுப்பார்கள். சோறும் மீன் ஆணமும் கிடைக்கும்.

அங்கே மடம் இருந்ததற்கு ஓர் எழுத்து வேண்டும். சாட்சி சொல்லக்கூடிய அயலவர்களையும் அதே கடல் கொண்டுபோயிருந்தது. பழைய கோப்பறையில் மூன்று நாள் தூசி தின்று ஒரு கோப்பைக் கண்டுபிடித்தேன். அந்தக் காலத்தில் வெளியூரார் யார் தங்கினாலும் பெயரை மாதாமாதம் எங்கள் கந்தோருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்; ஒரு பிரதி இராணுவ முகாமுக்குப் போகும். ஆச்சிப்பிள்ளை ஒன்பது வருடம் தவறாமல் கொடுத்திருந்தார். சந்தோஷத்தில் உள்ளே வாசிக்காமலே கோப்பை மேலே அனுப்பிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விசாரணை நாளில் அதிகாரி கடதாசிகளைப் புரட்டினார்.

"மடம் நடத்தினதாச் சொல்றீங்க. ஒம்பது வருஷமா ஒருத்தரும் தங்கல்லண்டு நீங்களே எழுதியிருக்கீங்களே அம்மா?"

"ஓம் ஐயா. நான்தான் எழுதின."

பெயர் எழுதினால் அந்த ஆளை முகாமுக்குக் கூப்பிடுவார்கள். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், அதிகாரி உட்பட.

"அப்ப தங்கின ஒருத்தரிட பேரச் சொல்லுங்க. கூப்பிட்டு விசாரிப்பம்."

"ஞாபகமில்ல ஐயா."

மனு தள்ளுபடியானது. மேன்முறையீட்டுக்கு இரண்டு கிழமை தந்தார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. வாசல்படியில் மறித்தேன். "சண்டை முடிஞ்சு பதினஞ்சு வருஷம் தாண்டிட்டு. ஒரு பேராவது சொல்லியிருக்கலாமே அம்மா?"

அவர் படியில் குந்தினார். "ஒருத்தன் மிளகாய் தின்னமாட்டான் மனே. அவனுக்கு வெள்ளைக் கறிதான். வாகரைப் பெட்டை ஒண்டு, ஆஸ்பத்திரிக்கெண்டு வந்து, போய்ச்சேர ஏலாம என்ட பாயிலதான் பெத்தது. நான்தான் தொப்புள்கொடி அறுத்த. அந்தப் புள்ளைக்கு இப்ப முப்பது வயசிரிக்கும்."

முப்பது வயதுச் சாட்சி! பிறந்த இடம் பதிவில்கூட இருக்கலாம். காணி கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அந்தப் புள்ளைட பேர் என்ன?" என்று கேட்டபடி சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தேன்.

ஆச்சிப்பிள்ளை பேனையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"பஸ் வருகுது மனே, நான் வாறன்."

தெருவில் பஸ் ஒன்றும் வரவில்லை.