பின்பக்கத்து ரசிகை

கழிவு உறிஞ்சும் பம்பை ஓடவிட்டதும் வெர்லீன் மதினி முதலில் செய்வது, பாட்டுக் குழு பஸ்ஸின் விலாவில் காதை வைப்பது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்பாள். பிறகு குறட்டால் இரண்டு தட்டுத் தட்டுவாள். "முக்கால் தொட்டி. பூராவும் காப்பி. பீர் குடிக்கிற கூட்டமில்ல இது" என்பாள். குழாயின் நடுவே கண்ணாடி பதித்த இடத்தில் எட்டிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

மதினிக்கு ஐம்பத்தெட்டு வயது. கழிவுத் தொட்டி உறிஞ்சும் லாரி ஓட்டுகிறாள். லாரி என் அண்ணன் லாய்டுடையது. அவன் முதுகு பிடித்து உட்கார்ந்த வருஷம் சாவியை எடுத்தவள், முதுகு சரியான பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை. அண்ணன் இப்போது வீட்டில் பீன்ஸ் வேகவைத்து, சோளரொட்டி சுடுகிறான். இரண்டும் சுமாராக வருகின்றன. லாரியின் பின்புறம் "உங்கள் சுமை, எங்கள் பிழைப்பு" என்று மதினியே பெயின்டில் எழுதியிருக்கிறாள். அதை நிதானமாகப் படிக்கும் தூரத்தில் எங்கள் ஊர் ஹேசல் ஃபோர்க்கில் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. குழாய் பிடிப்பது நான்.

ஆகஸ்டில் எங்கள் கண்காட்சி மைதானத்தில் பத்து நாள் திருவிழா. பகலில் பன்றிக்கும் பூசணிக்காய்க்கும் பரிசு கொடுப்பார்கள். சாயங்காலம் கன்ட்ரி பாட்டுக் கச்சேரி. பாட வருகிற குழுக்களின் பஸ்கள் பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும். பதினேழு வருஷமாக அவற்றின் தொட்டிகளை மதினிதான் காலி செய்கிறாள். கச்சேரிக்கு முன்னால் குழுவைச் சந்தித்துப் படம் எடுத்துக்கொள்ள ஜனங்கள் கூடாரத்தில் வரிசை கட்டி நிற்பார்கள். மதினிக்கு வரிசை கிடையாது.

"மத்தவங்க முன்பக்கமா போய்க் கை குடுக்கறாங்க. நான் பின்பக்கமா போய் ஆளையே தெரிஞ்சுக்கறேன்."

அவள் யாருக்கும் கை கொடுப்பதில்லை. முழங்கையை நீட்டுவாள். வந்த பாடகர்களெல்லாம் கொஞ்சம் திகைத்து, தங்கள் முழங்கையால் அதை இடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "இது ஊர்லயே பெரிய முழங்கை புள்ள" என்று என்னிடம் காட்டுவாள்.

ரப்பர் அங்கிக்குள் கச்சேரிக்கான ஊதாச் சட்டை தயாராக இருக்கும், முத்துப் பொத்தான் வைத்தது. வேலை முடிந்ததும் அங்கியை உரித்து, பூட்ஸை மாற்றி, செண்ட் அடித்துக்கொள்வாள். தனக்கு இரண்டு அழுத்து, லாரிக்கு நான்கு. பம்பு ஓடும்போது அதன் ரீங்காரத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு பாடுவாள். "இந்தப் பம்பு ஒருநாளும் சுருதி தப்பாது. மைக் புடிச்சவன்தான் தப்புவான்." இதைப் பாடகர்களிடமே சொல்லுவாள். ஒருவர் கோபித்துக்கொண்டார். இன்னொருவர் பம்பு பக்கத்தில் வந்து நின்று சரிபார்த்துவிட்டுப் போனார்.

இவ்வளவு பேசுகிறவள் ஒன்றை மட்டும் பேசமாட்டாள். யார் தொட்டியில் என்ன இருந்தது என்பது அவள் வாயிலிருந்து வராது. பாதிரியார் வீட்டுத் தொட்டி அடைத்துக்கொண்டபோது ஊரே அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. "தொட்டியில என்ன இருக்கணுமோ அதுதான் இருந்துது" என்று முடித்துவிட்டாள். பக்கத்தில் குழாய் பிடித்திருந்தவள் நான். நானும் இங்கே எழுதப்போவதில்லை. "வாசல் திறந்து விடறாங்கல்ல, அந்த நம்பிக்கைலதான் நம்ம சோறு" என்பது அவள் கட்சி. அதனால், அடுத்து வருகிற பாடகரின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ராய்ஸ் டக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதினிக்கு மற்றவர்கள் பாடகர்கள், ராய்ஸ் டக்கெட் தெய்வத்துக்கு ஒரு படி கீழே. லாரியின் வெயில் மறைப்பில் அவர் படம் செருகியிருக்கும். நாற்பத்தெட்டு வயது, செம்புப் பாத்திரம்போலப் பழுத்த முகம். ரேடியோவில் யாராவது முகத்தைப் பற்றிக் கேட்டால், "நாலு தலைமுறையா மாட்டுப் பண்ணைங்க. இது வெயில் போட்ட பெயின்ட்" என்பார். மதினி அதைக் கேட்டு ஸ்டியரிங்கைத் தட்டுவாள். போன ஆகஸ்டில் அவர் எங்கள் மைதானத்துக்கு முதல்முறையாக வந்தார். மதினி இரண்டு நாள் முன்னாடியே முழங்கையைத் தேய்த்துக் கழுவினாள்.

நாங்கள் போனபோது பஸ்ஸில் வந்த ஆறு பேரும் வெளியே இருந்தார்கள், ஐந்து பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு. பாட்டுக் குழுக்களின் பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. ஒண்ணுக்கு மட்டும் பஸ்ஸில், ரெண்டுக்கு வந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லி வெளியே போக வேண்டும். யாரோ சட்டத்தை மீறியதால்தான் தொட்டி அடைத்து நாறுகிறது என்று முடிவுகட்டி, குற்றவாளியையும் பிடித்தாகிவிட்டது. பிடில் வாசிக்கிற எமெட் ஃபுகேட், எழுபத்தொரு வயது. ராய்ஸ் டக்கெட்டின் தீர்ப்பு அன்றைக்கே அமலுக்கு வந்திருந்தது: எமெட் இந்த ஊரோடு இறங்கிக்கொள்ள வேண்டும், மேடையில் பிடிலைப் பதிவிலிருந்து போட்டுக்கொள்வார்கள்.

எமெட் வேலியோரம் பிடில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். மதினி தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள்.

"நெசமாவே நீங்கதானா அண்ணே?"

"தங்கச்சி, வர்ற வழில நாலு தடவை பஸ்ஸ நிறுத்தச் சொன்னேன். நாலு தடவையும் திட்டு வாங்கினேன். உள்ளயே போறவன் எதுக்கு நிறுத்தச் சொல்லித் திட்டு வாங்கணும்?"

"இத அவங்ககிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேனே. நாலு தடவை வந்தவனுக்கு அஞ்சாவது தடவை வராதாங்கறான்."

மதினிக்குச் சிரிப்பு வந்தது. எமெட்டுக்கும் வந்தது, ஆனால் அவர் சாண்ட்விச்சைக் கடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "முப்பத்தாறு வருஷமா பஸ்ஸுலதான் குடித்தனம். இந்த வயசுல வேற யாரு என்னை ஏத்துவா? சபையில கல்யாணத்துக்கு வாசிக்கலாம். எங்க ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு கல்யாணம்."

மதினி பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். காது வைக்கவில்லை, தட்டவில்லை. வால்வைக் கழற்றிக் கொக்கியை உள்ளே விட்டு, இழுத்தாள். வந்தது ஒரு தலையணை அளவு பந்து. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனேன்.

"பயப்படாத, பாரு."

முகம் துடைத்துப் போடுகிற ஈர டிஷ்யூக்கள். நூறாவது இருக்கும். தண்ணீரில் கரையாத சாதி, ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறு திரித்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றிலும் செம்பு நிறத்தில் அப்பிய முகப்பூச்சு, அந்த நாற்றத்திலும் விடாமல் தேங்காய் வாசனை.

மதினி அதை வாளியில் போட்டு மூடினாள். பம்பை ஓட்டினாள். தொட்டி காலியாகும்வரை ஒரு வரிகூடப் பாடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

குழுவின் காரியங்களைப் பார்க்கும் டெரெல் அட்டையும் பேனாவுமாக வந்தான். "அக்கா, உள்ள என்ன இருந்துது? கிழவன் வேலைதானே?"

"என் வாயில இருந்து அதெல்லாம் வராது தம்பி. பதினேழு வருஷத்துல வந்ததில்ல."

"இல்லன்னு சொல்லலயே, அப்ப அவருதான்" என்று டெரெல் அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டு, வாடகைக் காருக்குப் போன் செய்தபடியே போனான். மதினி அவன் முதுகையும் வேலியோரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சொன்னால் பதினேழு வருஷப் பேச்சு போகும். சொல்லாவிட்டால் எமெட் போவார். அங்கியை உரித்தாள். செண்ட் அடித்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"எங்க மதினி?"

"வரிசைக்கு. உடையவன்கிட்ட குடுத்துட்டா அது யார்கிட்டயும் சொன்னதாகாதுல்ல?"

கூடாரத்தில் நாற்பது பேர் நின்றார்கள். எங்களுக்கு முன்னால் வாழைப்பழக் கேக் வைத்திருந்த பெண் ஒருமுறை திரும்பி, வாளியைப் பார்த்து, மூச்சை இழுத்து, "நீங்க முன்னாடி போங்களேன்" என்றாள். அவளுக்கு முன்னால் நின்றவரும் அதே மரியாதை காட்டினார். இப்படி மரியாதை மேல் மரியாதையாக, ஐந்தாவது நிமிஷம் மதினி முதல் ஆளாக நின்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டேன்.

ராய்ஸ் டக்கெட் வெள்ளைச் சட்டையில் இருந்தார். கிட்டத்தில் பார்த்தால் முகம் ஒரு ஊர், கழுத்து ஒரு ஊர். நடுவில் எல்லைக்கோடு. தேங்காய் வாசனை அடித்தது.

"அட, எனக்குன்னு ஏதோ கொண்டாந்திருக்கீங்களே தங்கம்! கேக்கா?"

"புதுசா ஒண்ணுமில்ல தம்பி. உங்க பொருள் என்கிட்ட வந்துடுச்சு. குடுத்துட்டுப் போலாம்னு."

மூடியை இரண்டு விரல் அகலத்துக்கு, அவர் பக்கமாக மட்டும் தூக்கினாள். அவர் குனிந்து பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது, கண் மட்டும் இடம் மாறியது.

மதினி குரலைத் தாழ்த்தினாள். "பஸ்ஸுல வந்த ஆறு மூஞ்சியையும் பாத்துட்டேன். இந்தக் கலர் ஒரு மூஞ்சியிலதான் இருக்கு."

"என்ன வேணும் உனக்கு?" உதடு அசையாமல் கேட்டார்.

"எனக்கென்ன வேணும்? வாளிய எங்க வெக்கறதுன்னு சொல்லுங்க. இந்த மேஜை மேலயா, லாரியிலயா?"

"இங்க பாருங்க, சிரிங்க!" என்றான் படம் எடுப்பவன். பளிச்சென்று வெட்டியது.

"லாரியில" என்றார் ராய்ஸ் டக்கெட், எல்லாப் பல்லும் தெரிய.

"அப்ப இன்னிக்குப் பிடில் யாரு?"

"எமெட்."

"சத்தமா. பம்புக்குப் பக்கத்துலயே இருந்து எனக்குக் காது மந்தம்."

"டெரெல்!" கூடாரமே திரும்பியது. "எமெட்டைக் கூட்டிட்டு வா. தப்பு அவரு மேல இல்ல. அது வந்து... வால்வு."

"வால்வேதான்" என்றாள் மதினி, அவரை ஏற இறங்கப் பார்த்து. "பாக்கப் பளபளன்னு இருக்கும். உள்ளுக்குள்ள பழசு."

முழங்கையை நீட்டாமலே திரும்பிவிட்டாள்.

வாளியை லாரியில் ஏற்றிவிட்டு வெகுநேரம் கை கழுவினாள். வெயில் மறைப்பை இறக்கி அந்தப் படத்தை உருவினாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி செருகினாள். "மூஞ்சி பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகுது. தொண்டை நெசம். பாவி, பாட்டு நல்லாத்தானே பாடறான்."

ஏழு மணிக்குக் கச்சேரி. மேற்கு வெயில் நேராக மேடையில் அடித்தது. நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். ஊதாச் சட்டையில் மதினி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாட்டு முடிந்ததும் ராய்ஸ் டக்கெட் மைக்கில், "முப்பத்தாறு வருஷமா பஸ்ஸுல வாழற ஒரு மனுஷன்" என்று ஆரம்பித்து, எமெட்டின் தோளில் கைபோட்டு முன்னால் கூட்டிவந்தார். எமெட் பிடிலைத் தாடையில் அழுத்தி வில்லை இழுத்தார். அந்த ஒற்றை இழுப்பில் பன்றிக் கொட்டகைகூட அமைதியானது போல எனக்குத் தோன்றியது.

அவர் வாசிக்க வாசிக்க, பக்கத்தில் நின்ற ராய்ஸ் டக்கெட்டுக்கு வேர்த்தது. இடது காதோரம் ஒரு செம்புக் கோடு கிளம்பி, தாடை வழியாக வெள்ளைக் காலரை நோக்கி இறங்கியது. அவருக்குத் தெரியவில்லை. அவர் கண் கூட்டத்தைத் துழாவி மூன்றாவது வரிசைக்கு வந்தபோது, மதினி கட்டைவிரலால் தன் இடது தாடையை மெல்லத் துடைத்துக் காட்டினாள்.

அவர் சட்டென்று எமெட் பக்கம் திரும்பி, சட்டைக் கையால் முகத்தை ஒற்றிக்கொண்டார்.

"பாரேன், அழறாரு!" என்று எனக்கு அடுத்திருந்த வாழைப்பழக் கேக்குக்காரி நெஞ்சில் கைவைத்தாள். வரிசை வரிசையாக ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ராய்ஸ் டக்கெட் மறுபடி எங்கள் பக்கம் பார்த்தார், சரியாகிவிட்டதா என்பதுபோல.

மதினி இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, பொறுமையாக, வலது தாடையைத் தொட்டுக் காட்டினாள்.