இனி எங்கள் மகள் அல்ல

ரங்கூனின் தின்கன்ஜூன் வட்டாரத்தில் ஏசுரத்தினத்தைத் தெரியாத வீடு குறைவு. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாத ஊரில் ஜெனரேட்டர் பழுது பார்ப்பவரைத் தெரியாமல் காலம் தள்ள முடியாது. நகர மையத்தில், கியாக்டடாவில் ஒரு கடையின் பின்கட்டில் உட்கார்ந்து வேலை செய்வார். பர்மாக்காரர்கள் அவரை மரியாதையாக ஊ ரத்தினம் என்பார்கள். சர்ச்சில் தமிழர்களுக்கு அவர் செக்கு ரத்தினம். இருபத்துநாலு வயதில், பழைய சோஷலிச அரசாங்கம் டிராக்டர் பயிற்சிக்கென்று அவரைச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அனுப்பியது. அதனால் வந்த பெயர். எண்பத்துநாலில் போய் எண்பத்தாறில் திரும்பினார்.

ப்ர்னோ என்ற ஊரில் தொழிலாளர் விடுதி. அடுத்த அறையில் மிலோஷ் இருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. ஆலையின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். அறுபத்தெட்டில் ரஷ்ய டாங்கிகள் ஊருக்குள் வந்த பிறகு, அவர்கள் உதவி செய்யத்தான் வந்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். இவர் போடவில்லை. அன்றைக்குப் பிடித்த மண்வெட்டி.

ரங்கூனிலும் அப்போது எல்லாவற்றுக்கும் வரிசைதான் என்பதால் அந்த ஊர் வரிசைகள் ஏசுரத்தினத்துக்குப் புதிதாக இல்லை. ஆனால் அங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை. கறிக்கடைக்காரரைத் தெரிந்திருந்தால் மேஜைக்கு அடியிலிருந்து நல்ல துண்டு வரும். ஆரஞ்சுப் பழம் வந்திருக்கிறது என்று கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் ஆலையில் பாதிப் பேரைக் காணாது. மே தின ஊர்வலத்தில் கொடி பிடித்து நடப்பார்கள். ஆஜர் எடுத்து முடிந்ததும் சந்துக்குள் நழுவி பீர் குடிக்கப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானமே ஊர் வெறிச்சோடும். ஆளுக்கொரு மரக்குடில் காட்டோரத்தில் உண்டு. ஆலையில் ஏனோதானோ என்று வேலை செய்கிறவர்கள் அங்கே போய் வேலி அடிப்பார்கள், கூரை வேய்வார்கள், காளான் பொறுக்குவார்கள், மனம் விட்டுப் பேசுவார்கள். வெளியே ஒரு பேச்சு, வீட்டுச் சமையலறையில் ஒரு பேச்சு. எதை எங்கே சொல்லலாம் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

மிலோஷுக்கு அதே ஊரில் வீடும் மனைவியும் மகளும் இருந்தார்கள். இருந்தும் அவர் ஏன் விடுதியில் கிடந்தார் என்பது ஏசுரத்தினத்துக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. மகள் ஹனா நன்றாகப் படிக்கிறவள். அப்பன் அப்படிப்பட்டவன் என்பதால் மருத்துவக் கல்லூரியில் இடமில்லை என்று இரண்டு வருஷம் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் மனைவி யர்மிலா கோர்ட்டுக்குப் போய் அவரை விவாகரத்து செய்தாள். அவருடைய கருத்துகளோடு தனக்கும் மகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நீதிபதி முன்னால் சொன்னாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எழுதிக் கொடுத்ததே மிலோஷ்தான். ஹனாவுக்கு இடம் கிடைத்தது. சனிக்கிழமைகளில் மிலோஷ் பின்படிக்கட்டு வழியாகத் தன் வீட்டுக்கே விருந்தாளி போலப் போய்வருவார். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஏசுரத்தினத்தையும் கூட்டிப்போனார். குளியல் தொட்டியில் பண்டிகைக்கு வாங்கிய கெண்டை மீன் நீந்திக்கொண்டிருந்தது. யர்மிலா இரண்டு பேருக்கும் சூப் ஊற்றினாள். வெறும் காகிதம்தானே என்று அன்றைக்கு அவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் ஏசுரத்தினம் பின்னாளில் அந்தக் காரியத்தைச் செய்தார்.

அவருக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் ஷீபா, அரசாங்கப் பள்ளி டீச்சர். இளையவன் பிலிப், செல்போன் கடையில் வேலை. இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இனி இவர்களுக்குக் கீழே வேலை செய்வதில்லை என்று பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறியவர்களில் ஷீபாவும் ஒருத்தி. வேலை போயிற்று. அடுத்த வருஷம் அவள் பெயரில் வாரண்டும் வந்தது. அவள் அதற்குள் நகரின் மறுபக்கத்தில், இன்சீனில் ஒரு தோழியின் அறைக்குப் போய்விட்டாள்.

வார்டு ஆபீசர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே நல்லவிதமாகத்தான் பேசினார். வாரண்ட் உள்ளவர்கள் வீடுகளைப் பூட்டி சீல் வைக்கிறார்கள், ஆள் கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கிற இளவட்டத்தைக் கொண்டுபோகிறார்கள், ஊ ரத்தினத்துக்கு அப்படி நடப்பதைப் பார்க்கத் தனக்கு மனசில்லை என்றார். பத்திரிகையில் தினமும் அறிவிப்புகள் வருகின்றனவே, பார்க்கவில்லையா என்று கேட்டார்.

பார்த்திருந்தார். ஊரில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். பெற்றோரின் சொல்லை மீறி நடந்ததால் இன்னாரை மகனாக, மகளாக ஏற்கவில்லை என்று வரிசையாக அறிவிப்புகள்.

அவர் மனைவி தங்கம்மாள் முடியவே முடியாது என்றாள். ஏசுரத்தினம் அவளுக்கு மிலோஷ் கதையைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு டாக்டர் படிப்பு கிடைத்தது, குடும்பம் பிழைத்துக்கொண்டது, இது வெறும் காகிதம் என்றார். வேறொருவருடைய போனிலிருந்து ஷீபாவையும் கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை.

"யபாடேப்பா, போட்டுருங்க," என்றாள். பரவாயில்லை என்பதை அவள் எப்போதும் பர்மியில்தான் சொல்வாள். "தம்பிய அவங்க தொடாம இருந்தாச் சரி."

அறிவிப்பு ஒரு வியாழக்கிழமை வந்தது. ஷீபாவின் பெயர், அடையாள அட்டை எண், கீழே அப்பா அம்மா பெயர்கள். இனி எங்கள் மகள் அல்ல என்று கடைசி வரி. தங்கம்மாள் அன்று முழுக்க அடுப்பு மூட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாட்டுக்குழுவில் பக்கத்தில் நிற்கிற அம்மாள் மட்டும் தங்கம்மாளை விட்டு நாலு பேர் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

சீல் வைக்க யாரும் வரவில்லை. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று ஏசுரத்தினத்துக்குத் தோன்றியது. சனிக்கிழமைகளில் கடையிலிருந்து கொஞ்சம் முன்னாலேயே கிளம்பி, நகரைச் சுற்றிவருகிற சுற்றுரயிலில் ஏறுவார். இன்சீனில் ஷீபா அதே பெட்டியில் ஏறி எதிர்ப்பக்கம் உட்காருவாள். கூடைக்காரிகளின் சத்தத்துக்கு நடுவில், யாரோ எவரோ போல இரண்டொரு வார்த்தை பேசிக்கொள்வார்கள். தங்கம்மாள் கொடுத்தனுப்பிய சாப்பாட்டை இருக்கையில் விட்டுவிட்டு அவர் இறங்கிவிடுவார்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. கட்டாய ராணுவச் சட்டம் வந்தபோது வார்டு ஆபீசரின் நல்ல பேச்சு எந்த மூலைக்கும் உதவவில்லை. குலுக்கலில் பிலிப் பெயர் விழுந்தது. மறுநாளே அவன் ஒரு தரகரோடு தாய்லாந்து எல்லைக்குப் புறப்பட்டான். மே சோட் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு தடவை பேசினான். அதற்குப் பிறகு அந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ரயிலில் தம்பி போன செய்தியைக் கேட்டுவிட்டு ஷீபா முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். அப்படியே சொன்னாள்:

"நீங்க பேப்பர்ல போட்டதப் பத்தி யாராச்சும் கேட்டா, நாந்தாம்பா போடச் சொன்னேன்னு சொல்றேன். பொய்யில்லயே. ஆனா உங்கப்பா பேரென்னன்னு கேக்குறாங்கல்ல, அப்ப வாய் வரமாட்டேங்குதுப்பா. சும்மா நிக்கிறேன்."

ஏசுரத்தினம் சாப்பாட்டை இருக்கையில் விட்டுவிட்டு இறங்கினார். வீட்டுக்குப் போகும் வழியில்தான் மிலோஷ் சொன்ன இன்னொன்று ஞாபகத்துக்கு வந்தது. நாற்பது வருஷமாக அதை அவர் நினைத்ததே இல்லை. ஒருநாள் டிராமில் ஹனா கூடப் படிக்கிறவர்களோடு ஏறினாள். அப்பாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாரச் சனிக்கிழமை மிலோஷ் வீட்டுக்குப் போகவில்லை. கால் வலி என்று விடுதியிலேயே படுத்துக்கொண்டார். பிறகும் பல சனிக்கிழமைகள் அவருக்குக் கால் வலித்தது.

ஷீபாவை அந்த மழைக்காலத்தில் பிடித்தார்கள். இன்சீன் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது கொண்டுபோனார்கள் என்று தோழி சொல்லியனுப்பினாள். எந்தச் சிறை என்று தெரியவே பல வாரம் ஆயிற்று. ஏசுரத்தினம் வெளுத்த லுங்கியும் சட்டையும் உடுத்தி, சோப்பு, மாற்றுத்துணி, ஙபி என்கிற மீன் விழுதைப் பொரித்தது எல்லாம் வைத்த பையோடு போய் வரிசையில் நின்றார். ஜன்னலில் இருந்த ஆள் என்ன உறவு என்று கேட்டான். அப்பா என்றார். அவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். குரல் உயர்த்தவில்லை. இந்தப் பெண்ணுக்குப் பெற்றோர் கிடையாது, குடும்பத்தார் மட்டும்தான் சாமான் கொடுக்கலாம் என்றான்.

வார்டு ஆபீசரிடம் போய் உறவுச் சான்று கேட்டார். மகள் இல்லை என்று ஊருக்கே சொன்னவர் நீங்கள், அதை மாற்றி நான் எப்படி எழுத முடியும் என்று அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். மறுபடி ஏற்றுக்கொண்டோம் என்று அறிவிப்புப் போடலாமா என்று பத்திரிகை ஆபீசில் விசாரித்தார். அப்படிப் போடுகிற வழக்கம் இல்லை என்றார்கள். வக்கீல் ஒருவர், இப்போது உறவு சொல்லிக்கொண்டு போனால் உங்கள் இருவரையும் விசாரிப்பார்கள், பையன் எங்கே என்றும் கேட்பார்கள் என்றார்.

தங்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒங்களுக்கு வழி காட்டுனாரே அந்த வெள்ளக்காரரு, அவரு கடசில அவுங்க வூட்டுக்குத் திரும்பிப் போனாரா?"

"தெரியாது," என்றார் ஏசுரத்தினம். "நா அதுக்குள்ள வந்துட்டேன்."

"தெரியாமயா எம்புள்ளயப் பேப்பர்ல போட வச்சீங்க?"

அதற்குப் பிறகு வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு.

சிறை வாசலில் அவர் சும்மா நிற்பதைப் பார்த்து ஒருநாள் ரிஹானா என்ற பெண் விசாரித்தாள். அவளுடைய தங்கை நூர் பீவியும் உள்ளேதான் இருந்தாள், அதுவும் ஷீபா இருக்கிற அதே கூடத்தில். உங்கள் பையை என் பையோடு சேர்த்துக் கொடுக்கிறேன் என்று அவளே சொன்னாள். மாதம் இரண்டு தடவை சாமான் வாங்குகிற நாளில் ஏசுரத்தினம் அவளிடம் கொடுத்துவிட்டு எதிர்ச்சாரியில் காத்திருப்பார். தங்கையைப் பார்த்துவிட்டு அவள் வந்து சொல்வதுதான் செய்தி. ஙபியை மோந்து பார்த்ததுமே அம்மா கைப்பக்குவம் என்று ஷீபா கண்டுபிடித்துவிட்டாளாம். சோப்பு போதவில்லையாம். அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று ஏசுரத்தினம் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டார். ரிஹானா தலையைக் குனிந்துகொண்டு, அங்கே பேச நேரம் ரொம்பக் கம்மி என்றாள்.

சித்திரையில் வரும் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின தடவை அவள் உள்ளே போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினாள்.

"அங்கிள், ஷீபா இங்க இல்லயாம். போன வாரமே கொஞ்சப் பேர லாரில ஏத்திட்டாங்களாம். வேற ஊரு ஜெயிலுக்காம்."

"எந்த ஊரு?"

"நூருக்கும் தெரியல அங்கிள். குடும்பத்துக்குத் தகவல் குடுப்பாங்களாம்."

ஏசுரத்தினம் சாலையைக் கடந்து ஜன்னலுக்குப் போனார். ஷீபா எங்கே என்று கேட்டார். என்ன உறவு என்று அந்த ஆள் திரும்பவும் கேட்டான். அவர் அப்பா என்றார். அவன் ஜன்னல் பலகையைச் சாத்தினான். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தார். ரிஹானா பையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நூருக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

தின்கன்ஜூனில் தங்கம்மாள் கதவைத் திறந்து முதலில் அவர் கையைத்தான் பார்த்தாள்.

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க," என்றார் ஏசுரத்தினம்.