அடிக்குறிப்பில் மைமூன்

இன்று தாராவியில் ஒருவர் என் ஆய்வுக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தார். எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

அவர் மைமூன், தோல் பை தைக்கும் பட்டறை நடத்துகிறவர். கட்டுரையில் பாதி அவர் எனக்குச் சொன்னதுதான். நாளை தபாலில் சேர்க்க வேண்டும் என்பதால், டைப் அடித்த ஆங்கிலத் தாளை அவருக்குத் தமிழில் சொல்லிக்காட்டிச் சம்மதம் வாங்கப் போனேன்.

"தாராவிப் பெண் ஒருவர், நேரில் பேசியது, போன வெள்ளி மதியம்" என்ற அடிக்குறிப்பு வந்ததும் தையல் மிஷின் நின்றது.

"யாரு அந்தப் பொண்ணு?"

"நீங்கதான். தொந்தரவு வரக்கூடாதுன்னு பேரை விட்டுட்டேன்."

"புரொபசருக்கெல்லாம் பேரு போட்டிருக்கியளே, அவியளுக்குத் தொந்தரவு வராதா? என் பேரப் போடுங்க. இல்லேன்னா நான் சொன்னத எல்லாம் எடுத்துருங்க."

பாதிக் கட்டுரை போய்விடுமே! உடனே பேனாவால் பெயரை எழுதினேன்.

"கெழமையும் தப்பு டீச்சர். வெள்ளி மத்தியானம் ஜும்மா தொழுகைக்குப் பட்டறைய அடச்சிருவோம்லா? நீங்க வந்தது வியாழன்."

மாணவர்களின் அடிக்குறிப்புகளைச் சிவப்பு மையால் குதறுகிறவள் நான்! வெட்கப்பட வேண்டிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கிளம்பும்போது கேட்டார்: "மொதல்ல ஒரு புரொபசர் பேரு போட்டியளே, அவிய ஒரு தடவையாவது தாராவிக்கு வந்திருக்காவளா?"

"தெரியலை."

"அப்பறம் என்னத்துக்கு அவிய பேரு மொதல்ல?"

மாட்டுங்காவில் வீடு வந்து சேரும்வரை யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். பெயரும் கிழமையும் சரியாகப் போட்டு மேற்கோள் காட்டுகிறேன்.