நோர்வூட்டில் ஒரு சிம்பொனி

தொண்ணூறுகளின் கடைசியில் நான் நோர்வூட்டில் ஒரு கல்யாண இசைக்கோஷ்டியில் ஓகன், அதாவது கீபோர்ட், வாசித்துக்கொண்டிருந்தேன். வார நாள்களில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனி, ஞாயிறுகளில் சினிமாப் பாட்டு. கோஷ்டித் தலைவர் பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். கிட்டாரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாரென்றால், மணமக்கள் உட்பட மண்டபத்தில் எல்லாரும் தனக்காகத்தான் கூடியிருக்கிறார்கள் என்று நம்புகிறவர். நாங்கள் அவரை அண்ணன் என்போம்.

இந்த நிம்மதியை ஒரு கேசட் கெடுத்தது. லண்டனிலிருந்து வந்த அண்ணனின் உறவுக்காரர் கொடுத்தது. யாரோ ஒரு வெள்ளைக்கார ரொக் பாடகர், தலைமுடியும் புகழும் குறையத் தொடங்கிய வயதில், பெரிய வாத்தியக் குழுவை வைத்துச் சாஸ்திரிய இசை அமைத்திருந்தார். அண்ணனுக்கு முடி நிறையவே இருந்தது; புகழ் பக்கத்து ஊர் பொகவந்தலாவை வரைக்கும் இருந்தது. ஆனாலும் தனக்கும் அந்தக் காலம் வந்துவிட்டதென்று முடிவு செய்தார்.

"இனிமே டப்பாங்குத்து கெடையாது. நாம சிம்பொனி பண்றோம்" என்றார்.

கர்நாடகமா மேற்கத்தியமா என்று கேட்டேன். இரண்டுக்கும் பொதுவாக என்றார்.

அவருக்கு இசைக்குறி எழுதத் தெரியாது. எனக்கும் தெரியாது. அது ஒரு குறையாக அவருக்குத் தோன்றவில்லை. அவர் முனகுவார், நான் ஓகனில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். வெளிநாட்டில் மேடை நிறைய ஆள்கள் உட்கார்ந்து வாசிக்கிற வயலின்களுக்குப் பதிலாக எங்களிடம் ஓகனில் ஒரு பட்டன் இருந்தது. சிம்பொனிக்கு நாலு பாகம்: விடியல், மழை, கொழுந்து, விடுதலை. விடுதலை யாருக்கு என்று ட்ரம்ஸ்காரர் கேட்டார். கேட்கிறவர்களுக்கு என்று நான் முணுமுணுத்தது, நல்லவேளை, அண்ணன் காதில் விழவில்லை.

உண்மையான வயலின் ஒன்றாவது வேண்டுமென்று தலவாக்கலைப் பள்ளியில் சங்கீதம் படிப்பித்த யாழ்ப்பாணத்து டீச்சரைப் போய் அழைத்தோம். அண்ணன் முனகிக் காட்டிய முழுவதையும் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"இது என்ன ராகம், தம்பி?"

"ராகம் இல்லீங்க டீச்சர். மூடு."

"மூடை வயலினில எந்தக் கம்பியில பிடிக்கிறது?"

இருந்தும் வர ஒப்புக்கொண்டார். சாயந்தரங்களில் தலவாக்கலையில் வேறு என்ன இருக்கிறது என்று காரணமும் சொன்னார்.

ஹட்டனில் ஒரு பள்ளி மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரங்கேற்றம். அண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பிரதம விருந்தினர் அவருடைய தோட்டத்து மேனேஜர் துரை. விடியல் மெதுவாக, மிக மெதுவாக விடிந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மேடையருகே வந்து, மிகுந்த மரியாதையோடு, "சுருதி சேத்தது போதுங்க, பாட்ட ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாகம் முடிந்ததும் கைதட்டினார்கள். நிகழ்ச்சியே முடிந்ததென்று நினைத்த துரை, மேடையேறி நன்றியுரை நிகழ்த்தினார். விடியலை விட அது நீளம். இன்னும் மூன்று பாகம் இருக்கிறதென்று அண்ணன் சிங்களத்தில் பணிவாக விளக்கியபோது துரையின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

மழைப் பாகம் ஒழுங்காகப் போனது. அது முடிந்த பிறகுதான் நிஜமழை வந்தது. தகரக் கூரை. கொழுந்தும் விடுதலையும் எங்களுக்கே கேட்கவில்லை. வில் போவதைப் பார்த்துத்தான் டீச்சர் வாசிக்கிறார் என்று தெரிந்தது. பின்வரிசைகள் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பின. துரை இருந்தார், அவருடைய ஜீப் இன்னும் வரவில்லை.

அண்ணன் ஒரு வாரம் கிட்டாரைத் தொடவில்லை. கோட்டை மட்டும் வேலைக்கும் போட்டுக்கொண்டு போனாராம்.

பிறகு கினிகத்தேனையிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். மகளுக்குக் கல்யாணம். அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவராம். அந்த இரண்டாவதாக வாசித்தது, மெதுவாக ஒன்று, பொண்ணு மேடைக்கு வரும்போது வாசிப்பீர்களா என்று கேட்டார். சிம்பொனியைப் பிய்த்து விற்க முடியாது என்று அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். "உள்ள போயி ஒளிஞ்சிக்கிட்டா ஆச்சா? ஒருத்தர் தேடி வந்து கேக்குறாருல்ல" என்று அண்ணனின் மனைவி சொல்லித்தான் வெளியே வந்தார்.

கல்யாணத்தில் வாசித்தோம். ஓகனின் தாளப் பட்டனையும் அமுக்கினேன், அண்ணன் தடுக்கவில்லை. பெண் நடந்து வந்தாள். அவளுடைய அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். கொத்துக் கொத்தாக நின்று கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். அத்தனை காலமும் கேலி செய்துகொண்டிருந்த எனக்கே அது பிடித்துப்போனது. அதை அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஐந்தாம் பாகம் எழுதுவார்.

சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா எங்களைத் தேடி வந்தார். பாட்டு ரொம்ப நல்லா இருந்ததென்று பாராட்டிவிட்டு, எந்தப் படத்தில் வருகிறதென்று கேட்டார். நான் பயந்துபோய் அண்ணனைப் பார்த்தேன்.

அண்ணன் இலையில் இருந்த அப்பளத்தை நிதானமாக நொறுக்கினார்.

"படம் இன்னும் வரலீங்க" என்றார். "பாட்டுதான் மொதல்ல வந்துருக்கு."