மிஸ்ஸியின் மோட்டார் சைக்கிளில் இறுகிப்போன பிளக்

வட்டக்கச்சியில் எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு மருத்துவிச்சி வாடகைக்கு இருந்தார். ஊர் அவரை மிஸ்ஸி என்று கூப்பிட்டது, நாங்களும் அப்படித்தான். போரில் வன்னிக்கு வரும் பாதை பூட்டி, பெற்றோல் வராமல் கிடந்த காலம். அவருடைய மோட்டார் சைக்கிளும் வன்னியில் ஓடிய மற்ற மோட்டார் சைக்கிள்களைப் போல மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆனால் ஆறிப்போன இயந்திரம் மண்ணெண்ணெயில் கிளம்பாது. காலையில் இயந்திரத் தலையில் இருக்கிற ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்துக்குள் சிரிஞ்சால் இரண்டு மில்லி பெற்றோல் விட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டிவிட்டு உதைக்க வேண்டும். பெற்றோலை மிஸ்ஸி ஒரு சின்ன மருந்துப் போத்தலில் வைத்திருந்தார். அதில் எத்தனை காலைகள் மிச்சம் என்று அவரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மாலையில் பிளக்கின் கரியைத் துடைப்பது என் வேலை. யாரும் தந்ததல்ல, வாத்தியார் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு நானாக எடுத்துக்கொண்டது. பழைய பல்துலக்கும் பிரஷால் இருபது தரம் தேய்ப்பேன். பிறகு திரும்பப் பூட்டக் கையால் ஐந்து சுற்று, பிளக்கை முறுக்கும் சாவியால் கால் சுற்று. அன்று மாலை மிஸ்ஸி களைத்துப்போய் வந்தார். பிளக்கின் அடியில் காற்றுச் சீறுகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். எனக்கு அது போதும். இயந்திரம் ஆறும்வரை பொறுக்க முடியவில்லை. துணியால் பிடித்துக் கழற்றித் துடைத்து, சுடச்சுடவே திரும்பப் பூட்டினேன். கால் சுற்றுக்குப் பிறகும் சாவி நகர்ந்தது. இன்னொரு கால், பிறகு இன்னொரு கால். சீறல் நிற்கட்டும் என்று முழுப் பலத்தோடு ஒரு இழுப்பு.

மறுநாள் காலை ஆறரைக்குக் கல்மடுப் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். மனைவிக்கு நாலு மணிக்கே நோவு தொடங்கிவிட்டதாம், மூன்றாவது பிள்ளையாம். மிஸ்ஸி பையைத் தூக்கிக்கொண்டு வந்து சாவியைப் பிளக்கில் மாட்டினார். அசையவில்லை. நான் பிடித்தேன். அசையவில்லை. பிளக் கழராவிட்டால் பெற்றோல் விட வழியில்லை. கார்பரேட்டரை நிரப்பிக் கிளப்பவோ போத்தலில் இருந்தது காணாது.

மிஸ்ஸி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மாஸ்டர், அரை மணித்தியாலம் பாக்கிறன். அதுக்குள்ள கழராட்டி இவற்ற சைக்கிள் கரியரில போறன்."

மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். அந்தக் கிரவல் பாதையில் இரண்டு பேர் ஒரு சைக்கிளில் போனால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் அந்தப் பெண்ணுக்கு நல்ல கணக்காக வரவில்லை.

நாலு வீடு தள்ளி இருந்த மெக்கானிக்கிடம் ஓடினேன். மலைநாட்டிலிருந்து இனக்கலவரத்தில் தப்பி வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்து ஆள் அவர். வந்ததும் சாவியை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"யாருங்க இத இறுக்குனது? எரும மாட்டக் கட்டுற மாதிரில்ல கட்டியிருக்கு."

நான் குனிந்து பெற்றோல் போத்தலின் மூடியைச் சரிபார்த்தேன்.

"நான்தான்," என்றார் மிஸ்ஸி. "அவசரத்தில இறுக்கிப்போட்டன்."

மெக்கானிக் அவருடைய மெலிந்த கையைப் பார்த்தார். இந்தக் கையிடம் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் பாவம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி விளக்கினார்: இயந்திரத் தலை அலுமினியம், பிளக் இரும்பு. சூட்டில் துவாரம் கூடுதலாக விரியும், அந்த நேரம் இறுக்கினால் ஆறும்போது கவ்விப் பிடிக்கும். இப்போது பலம் போட்டால் துவாரத்துக்குள் வெட்டிய புரியும் சேர்ந்து வந்துவிடும், அதோடு இந்த இயந்திரத்தை மறந்துவிட வேண்டியதுதான். உலோகங்கள் சூட்டில் விரிவதை முப்பத்தொரு வருடம் வகுப்பில் படிப்பித்த நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

என் மனைவி கேத்தலை அடுப்பில் வைத்தா. தண்ணீர் கொதிக்கப் பதினொரு நிமிடம் எடுத்தது. அதுவரை மெக்கானிக் பிளக்கின் அடியில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்தார். பிறகு துவாரம் மறுபடி விரியட்டும் என்று இயந்திரத் தலையைச் சுற்றிச் சாக்குத் துண்டைக் கட்டிக் கொதிநீரை ஊற்றினார். இரண்டாம் கேத்தலும் போனது. கல்மடுக்காரர் சைக்கிளைத் திருப்பி வாசலை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மிஸ்ஸி பையைக் கரியரில் வைத்துக் கட்டத் தொடங்கினார். இருபத்தேழு நிமிடம் ஆகியிருந்தது.

அப்போது கிரீச் என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். மெக்கானிக் ஒரு நூல் முன்னே, அரை நூல் பின்னே என்று சாவியைத் தாலாட்டிக்கொண்டிருந்தார். பிளக் வெளியே வந்தபோது அதன் புரியில் வெள்ளித் தூள் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்து, பெற்றோல் விட்டு, கையால் பூட்டினார். மூன்றாவது உதையில் வெள்ளைப் புகையோடு கிளம்பியது.

அன்று பகல் முழுக்க நான் வாசலிலேயே இருந்தேன். ஏழு தரம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஏழும் வேறு ஆட்கள்.

நாலரைக்கு மிஸ்ஸி வந்தார். பெண் பிள்ளையாம். கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். இப்போது தாயும் பிள்ளையும் சுகம்.

"நீங்கள் போய் எத்தினை நிமிசத்தில பிறந்தது?"

"அதைக் கேக்காதேங்கோ மாஸ்டர்."

நான் சொல்லிவிட்டேன், இறுக்கியது நான் என்று.

"தெரியும். இந்த வீட்டில ஒரு போத்தல் மூடியை எண்டாலும் நான் ஒரு தரத்தில திறந்திருக்கிறனே?"

"அப்ப ஏன் நீங்களெண்டு சொன்னனீங்கள்?"

"விளக்கம் வைக்கிறதுக்கு அங்க நேரம் இருந்ததே?"

பிளக் சாவியை வழக்கம்போல இருக்கையின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் சாவியைத் தொடவில்லை. ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சத்துக்கு ஒரு தரம் இயந்திரத் தலையில் உள்ளங்கையை வைத்து எண்ணிப் பார்த்தேன். முதலில் இரண்டு எண்ணுமுன்பே கையை எடுக்க வேண்டியிருந்தது. பிறகு ஆறு. பிறகு பதினொன்று. மனைவி தேத்தண்ணீர் குடிக்க இரண்டு தரம் கூப்பிட்டா. இருபது எண்ணும்வரை கை அங்கேயே இருந்த பிறகுதான் சாவியை எடுத்தேன்.